ஸ்ட்ரீட் சர்வைவர்ஸ் (இசைத்தொகுப்பு)

ஸ்ட்ரீட் சர்வைவர்ஸ் என்பது புளோரிடாவின் ஜாக்சன்வில் நகரைச் சேர்ந்த லினர்ட் ஸ்கினர்ட் என்னும் தென்னக ராக் இசைக்குழுவின் ஐந்தாவது இசைத்தொகுப்பு ஆகும். எம்.சி.ஏ. நிறுவனம் இதை 1977 அக்டோபர் 17 அன்று வெளியிட்டது.

மயாமியில் டாம் டவுட் தயாரிப்பில் நடந்த ஒலிப்பதிவு குழுவினருக்கு நிறைவளிக்கவில்லை. ஆகவே பல பாடல்களை ஜார்ஜியாவின் டோராவில் நகரில் மீண்டும் பதிவு செய்தனர். 1976-இல் சேர்ந்த கிதார் கலைஞர் ஸ்டீவ் கெயின்ஸ், எட்டுப் பாடல்களில் நான்கைத் தனித்தோ பாடகர் ரோனி வான் சாண்ட்டுடன் இணைந்தோ எழுதினார். இன்னொரு கிதார் கலைஞரான கேரி ராசிங்டன் போதையில் காரை மரத்தில் மோதிய நிகழ்வே "தட் ஸ்மெல்" பாடலின் கரு.

வெளியான மூன்றாம் நாள், குழு சென்ற வாடகை விமானம் எரிபொருள் தீர்ந்து மிசிசிப்பியின் கில்ஸ்பர்க் அருகே காட்டில் விழுந்தது. ரோனி, ஸ்டீவ், அவருடைய அக்காவும் குழுவின் பின்னணிப் பாடகியுமான கேசி உள்ளிட்ட அறுவர் இறந்தனர்.

முதல் அட்டைப்படத்தில் குழுவினரைத் தீப்பிழம்புகள் சூழ்ந்திருந்தன. ஸ்டீவின் மனைவி தெரசா கேட்டுக்கொண்டதால் நிறுவனம் அதை நீக்கிக் கறுப்புப் பின்னணிப் படத்தை இட்டது. தொகுப்பு பில்போர்டு பட்டியலில் 5-ஆம் இடம் பிடித்தது. இதைப் பலர் இரங்கல் இசையாகவே கேட்டனர். ஆனால் ஸ்டீவின் பாடல்களில் கேட்பது புத்துயிர் பெற்ற ஒரு குழுவின் உற்சாகமே. தீப்பிழம்பு அட்டை பல்லாண்டுகளுக்குப் பின் குறுந்தகட்டு மறுபதிப்பில் திரும்பியது.