வீடும் வேலைத்தலமும்: கோலார் தங்கவயல் கூறும் வரலாறு

ஒரு நகரம் எவ்வளவு எரிபொருளைச் செலவிடுகிறது என்று கேட்டால், நாம் பெரும்பாலும் அதன் விளக்குகளையும் ஆலைகளையுமே எண்ணுகிறோம். மக்கள் குடியிருக்கும் இடத்துக்கும் தொழில் புரியும் இடத்துக்கும் உள்ள தூரத்தை நாம் எண்ணுவதில்லை. அத்தூரத்தின் பொருளை விளக்கும் வரலாறு ஒன்று, சித்தூர் மாவட்டத்து ராமகுப்பத்துக்கு மேற்கே, கர்நாடக எல்லைக்குள் அமைந்த கோலார் தங்கவயலில் நிகழ்ந்திருக்கிறது. பிற மாநிலங்களில் வாழும் தமிழராகிய நமக்கு அது அயலார் கதையன்று.

1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கப் பணியை மேற்கொண்டனர். வட ஆர்க்காடு முதலிய ஜில்லாக்களிலிருந்து தமிழ் மக்கள் பெருந்திரளாகச் சென்று குடியேறினர். அவர்களுக்கென்று சுரங்கவாய்களை அடுத்தே வரிசை வீடுகள் எழுந்தன. 'லைன்' என்பது அவற்றின் பெயர். தொழிலாளி நடந்தே வேலைக்குச் சென்றான். இயந்திரங்களை இயக்கும் மின்சாரமோ தொலைவிலிருந்து வந்தது. 1902ஆம் ஆண்டில், காவிரியின் சிவசமுத்திர நீர்வீழ்ச்சியில் பிறந்த மின்சாரம் சுமார் 147 கிலோமீட்டர் கம்பி வழியே தங்கவயலை அடைந்தது. பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது 1905இல்தான்.

அந்த வாழ்வைப் பொற்காலம் என்று போற்றுவதற்கில்லை. லைன் வீடுகள் மிகக் குறுகியவை. சுரங்கத் தூசி பலருடைய நுரையீரலைக் கெடுத்தது. எனினும், வேலைக்குச் செல்வதற்கென்று எரிபொருள் செலவாகவில்லை.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. வீடுகள் இருந்த இடத்திலேயே இருக்க, வேலை பெங்களூருக்குப் பெயர்ந்தது. மாரிகுப்பத்திலிருந்து பெங்களூர் நகர நிலையம் 80 கிலோமீட்டருக்கும் மேலானது. விடியுமுன் புறப்பட்டு இருட்டிய பின் திரும்புவோர் இன்று பலர். முன்பு மின்சாரம் நெடுந்தூரம் பயணம் செய்தது. இப்போது மனிதர் பயணம் செய்கின்றனர்.

இவர்களுக்குத் துணை நிற்பது பழைய இருப்புப் பாதையே. ஜோலார்பேட்டை–பெங்களூர்ப் பாதை 1864ஆம் ஆண்டிலும், பங்காருப்பேட்டையிலிருந்து மாரிகுப்பம் செல்லும் கிளைப்பாதை 1894ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டவை. தண்டவாளத்தின்மீது உருளும் எஃகுச் சக்கரத்துக்கு உராய்வு குறைவு. ஒரே வண்டியில் ஆயிரக்கணக்கானோர் செல்லலாம். ஆகவே ஆளுக்கு ஆகும் எரிசக்தி, மோட்டார் காரில் ஆவதைவிட மிகக் குறைவு.

ஆஸ்திரேலிய அறிஞர்களான பீட்டர் நியூமனும் ஜெப்ரி கென்வொர்த்தியும் உலகின் 32 நகரங்களை ஆராய்ந்து 1989இல் முடிவுகளை வெளியிட்டனர். பரந்து சிதறிய அமெரிக்க நகரங்களில் ஒருவருக்கு ஆன பெட்ரோல் செலவு, நெருங்கி அமைந்த ஐரோப்பிய நகரங்களில் ஆனதைப்போல் ஏறத்தாழ நான்கு மடங்கு என்று அவர்கள் கண்டனர்.

பெங்களூரும் பரந்தே வளர்ந்தது. அங்கே 2011ஆம் ஆண்டில் மெட்ரோ ரயில் தொடங்கியது; 2023ஆம் ஆண்டில் அது ஒயிட்ஃபீல்டை எட்டியது. தங்கவயலிலிருந்து வருவோர் அங்கே ரயிலைவிட்டு இறங்கி மெட்ரோவில் ஏறலாம். இத்தகைய இணைப்புகள் எரிபொருளை மிச்சப்படுத்துகின்றன. ஆயினும், நாள்தோறும் வழியில் கழியும் மணி நேரங்களை எந்த வண்டியும் முழுமையாக மீட்டுத் தருவதில்லை. தொழிற்கூடம் எங்கே எழ வேண்டும் என்று தீர்மானிக்கும்போதே, அங்கே உழைப்பவர் எங்கே குடியிருப்பார் என்பதையும் தீர்மானிப்பது அவசியம். தங்கவயலின் வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம் இதுவே.