எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ: கதைமாந்தர் வரலாறு

எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ என்பது, பிலிப்பைன் தேசத்தின் தேசிய வீரராகப் போற்றப்படும் ஹோஸே ரிஸால் (1861–1896) ஸ்பானிய பாஷையில் இயற்றி, 1891-ஆம் ஆண்டில் பெல்ஜியத்தைச் சேர்ந்த கென்ட் நகரில் அச்சிட்டு வெளியிட்ட இரண்டாவது நாவலாகும். ஸ்பானிய அதிகாரிகளும் துறவியரும் தமக்கு எதிர்நின்ற சுதேசிகள் மீது சுமத்திவந்த ராஜத்துரோகப் பட்டமே நூலின் பெயராக அமைந்தது. 1887-இல் பெர்லினில் வெளிவந்த ‘நோலி மே தாங்கெரே’ என்ற முதல் நாவலின் தொடர்ச்சியாதலின், இதன் மாந்தருள் சிலர் அந்நூலிலிருந்தே நடந்து வந்தவர்கள். ஏனையோர் ஆசிரியர் பிறந்த காலம்பா ஊரின் நிலத் தகராறுகளிலிருந்தும் மணிலா சர்வகலாசாலையின் வகுப்பறைகளிலிருந்தும் எழுந்தவர்கள்.

இம்மாந்தரின் பூர்வ கதையை 1872-ஆம் ஆண்டிலிருந்து தொடங்குவதே முறை. அவ்வாண்டு ஜனவரியில் கவித்தே என்னுமிடத்தில் மூண்ட சிப்பாய்க் கலகம் ஒன்றைக் காரணமாகக் காட்டி, கோமெஸ், புர்கோஸ், ஸமோரா என்னும் மூன்று பாதிரியார்களை அரசாங்கத்தார் மக்கள் கண்முன்னே கழுத்தை நெரித்துக் கொன்றனர். புர்கோஸ் பாதிரியாரின் வீட்டில் தங்கிப் படித்தவர் ரிஸாலின் தமையனார் பஸியானோ. ஆதலால் பத்து வயதுச் சிறுவனாக இருந்த ரிஸாலுக்கு அச்சம்பவம் தம் இல்லத்திலேயே விழுந்த இடியாயிற்று. நாவலை அம்மூவருக்கே சமர்ப்பணம் செய்த அவர், அவர்கள் மாண்ட நாள் பிப்ரவரி 17 என்பதை மறந்து 28 என்று எழுதிவிட்டார். தாய்நாட்டிற்கு வெகு தொலைவில் இருந்துகொண்டு ஞாபகத்தை மட்டும் நம்பி எழுதியவருக்கு நேர்ந்த பிழை என்று அதைக் கொள்ளலாம். 1887-இல் காலம்பாவில் எழுதத் தொடங்கிய கதையை 1891 மார்ச் மாதத்தில் பிரான்ஸின் பியாரிட்ஸ் நகரில் எழுதி முடித்தார். அச்சுக்கூலி கொடுக்க வகையின்றி வேலை பாதியில் நின்றபோது, வலென்தின் வெந்தூரா என்ற நண்பர் பணம் அனுப்பி உதவினார்.

கதையின் நடுநாயகன் ஸிமோன். நீலக் கண்ணாடியால் கண்களை மறைத்து, ஹவானாவில் பெருஞ்செல்வம் ஈட்டித் திரும்பிய நகை வியாபாரி என்ற வேஷத்தில், கவர்னர் ஜெனரலுக்கே அந்தரங்க ஆலோசகனாக அமர்ந்திருக்கும் இவன், முதல் நாவலில் பள்ளிக்கூடம் கட்டி நாட்டைச் சீர்திருத்தலாம் என்று நம்பிய கிறிஸோஸ்தொமோ இபார்ராவே யாவான். பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின் மாற்றுருவில் மீண்டுவந்து பழிதீர்க்கும் செல்வன் என்ற கற்பனைக்கு, ரிஸால் இளமையில் விரும்பிப் படித்த டூமாவின் ‘மாண்டி கிறிஸ்டோ பிரபு’ முன்மாதிரியாக இருந்திருக்க வேண்டும் என்பது பலர் கருத்து. ஆயினும் டூமாவின் பிரபு தனக்குத் தீங்கிழைத்தவர்களைத் தேடித் தேடி ஒறுக்கிறான். ஸிமோனோ அதிகாரிகளின் பேராசைக்கு மேன்மேலும் தூபமிட்டு, அநீதியை ஜனங்கள் பொறுக்க முடியாத அளவுக்கு வளர்த்துவிட்டு, அவர்களாகவே கிளர்ந்தெழட்டும் என்று காத்திருக்கிறான். இவ்வுபாயத்தின் கொடுமை, அது நசுக்குவது எதிரிகளையன்று, தான் மீட்க விரும்பிய ஏழைகளையே என்பதில் இருக்கிறது. ஸாந்தா கிளாரா கன்னிமாடத்திலிருந்து காதலி மரியா கிளாராவை மீட்பதற்காகக் கலகம் தொடங்கவிருந்த அன்றைய தினமே அவள் இறந்துவிட்டாள் என்ற செய்தி எட்டவே, உத்தரவு கொடுக்க வேண்டியவன் நிலைகுலைந்து போகிறான். முதல் முயற்சி அவ்வளவில் முடிகிறது.

ஸிமோனைவிட உயிர்த்துடிப்புள்ள பாத்திரம் காபெஸா தாலெஸ் என்னும் குடியானவனே என்று துணிந்து சொல்லலாம். எவருக்கும் உரிமையற்றது என்று எண்ணிய காட்டை வெட்டித் திருத்திய இவன், அக்காட்டுக் காய்ச்சலுக்கு மனைவியையும் மூத்த மகளையும் பறிகொடுக்கிறான். பயிர் விளைந்து அறுவடைக்கு நிற்கும் சமயத்தில் துறவியர் சபையொன்று நிலம் தன்னுடையது என்று வருகிறது. முதலில் கேட்ட குத்தகை இருபதோ முப்பதோ பெஸோதான். பொறுத்துப் போகும்படி கிழத்தகப்பன் ஸேலோ புத்தி சொல்கிறான். குத்தகை ஆண்டுதோறும் ஏறி 200 பெஸோவை எட்டியபோது, தாலெஸ் பத்திரத்தைக் காட்டச் சொல்லி நியாயஸ்தலம் ஏறுகிறான். பத்திரம் வரவில்லை, தீர்ப்பு மட்டும் அவனுக்கு விரோதமாக வருகிறது. துப்பாக்கியோடு வயலைக் காவல் காக்கிறான்; துப்பாக்கியைப் பிடுங்கிக்கொள்கிறார்கள். வெட்டரிவாளோடு நிற்கிறான், அதையும் பறிக்கிறார்கள். பிறகு கோடரியை எடுத்துக்கொள்கிறான். கொள்ளைக்காரர் அவனைப் பிடித்துவைத்து 500 பெஸோ கேட்க, இளைய மகள் ஹூலி நகைகளை விற்று, குறைவுபட்ட மீதித் தொகைக்காகப் பணக்காரக் கிழவியொருத்தி வீட்டில் பணிப்பெண்ணாகத் தன்னை அடகு வைத்துக்கொள்கிறாள். விடுபட்டு வந்தவன், வீட்டில் தங்கியிருந்த ஸிமோனின் கைத்துப்பாக்கியை எடுத்துக்கொண்டு, அதற்கு ஈடாக ஹூலிக்குரிய பதக்கத்தை வைத்துவிட்டு வெளியேறுகிறான். அன்றே நிலத்தின் காரியஸ்தரான துறவியும், புதுக் குத்தகைக்காரனும் அவன் மனைவியும் கொல்லப்பட்டுக் கிடக்கிறார்கள். பிற்பாடு மாதாங்லாவின் என்ற பெயரில் நாட்டையே நடுங்கவைக்கும் கொள்ளைத் தலைவன் இவன்தான்.

இக்கதையில் கற்பனை மிகக் குறைவு. காலம்பாவில் தொமினிக்கன் சபையாரின் பெரும்பண்ணையில் ரிஸால் குடும்பத்தாரே குத்தகைக்காரர். 1888-இல் குடியானவர்களின் முறையீட்டைத் தயாரித்துக் கொடுத்தவர் ரிஸாலே. வழக்கு தோற்று, கவர்னர் ஜெனரல் வெய்லரின் படைவீரர் வந்து குடிகளை வெளியேற்றியபோது அவருடைய உறவினரும் வீடிழந்தனர். அதே காலத்தில் ஐரோப்பாவில் அவர் தாலெஸின் அத்தியாயங்களை எழுதிக்கொண்டிருந்தார் என்பதை மனத்தில் கொண்டால், அவ்வத்தியாயங்களில் அலங்காரம் ஏன் இல்லை என்பது விளங்கும். ஆசிரியர் தாலெஸின் குடும்பத்தை அத்தோடும் விடவில்லை. வக்கீல் செலவுக்கே பணம் போதாமையால் மாற்றாள் வைக்க முடியாமல் பட்டாளத்திற்குப் போன மகன் தானோ, சிவில் கார்டு வீரனாகத் திரும்பி, மலைப்பாறையின் மேல் கைகளை உயர்த்தி நின்ற கிழவன் ஒருவனைக் கட்டளைப்படி சுட்டு வீழ்த்துகிறான். அருகில் சென்று பார்க்கையில் அவன் தன் பாட்டன் ஸேலோ.

மாணவருள் முக்கியமானவர் இருவர். முதல் நாவலில் பைத்தியமாகி மாண்ட ஸிஸாவின் மகன் பஸிலியோ, இங்கே வைத்தியக் கல்வியை முடிக்கும் தறுவாயில் இருக்கிறான். ஸிமோன் கலகத்திற்கு அழைத்தபோது, படிப்பும் காதலி ஹூலியுமே போதும் என்று மறுத்தவன். ஸ்பானிய மொழி கற்பிக்கக் கழகம் கேட்ட மாணவர்கள் மீது சுமத்தப்பட்ட, தனக்குச் சம்பந்தமில்லாத சுவரொட்டி விவகாரத்தில் சிறைபட்டு, அவனை விடுவிக்கச் சிபாரிசு தேடிப்போன ஹூலி காமோர்ரா என்ற பாதிரியின் இச்சைக்கு அஞ்சி மாடத்திலிருந்து குதித்து மாண்டாள் என்று கேள்விப்பட்ட பின்னரே பழிக்கு உடன்படுகிறான். மற்றவன் இஸாகானி, கவிஞன், வாதத்தில் எவருக்கும் அஞ்சாதவன். இவன் காதலித்த பவுலிதா கோமெஸ், சிறைசென்றவனைக் கைவிட்டு, கூனலும் தந்தையின் செல்வமும் உடைய பெலாயெஸை மணக்கிறாள். ஆங்கிலேயப் பொறியாளர் ஒருவரை மணந்த லியோனோர் ரிவேராவின் சாயல், அதாவது ஆசிரியரின் சொந்தக் காயத்தின் தழும்பு, பவுலிதாவிடம் தெரிகிறது என்பர்.

துறவியரும் உத்தியோகஸ்தரும் பெரும்பாலும் நையாண்டிச் சித்திரங்களே. சேனாதிபதியைவிட வீராவேசமாக எழுதும் பத்திரிகையாளன் பென் ஸாயிப், எதையும் படிக்காமல் அபிப்பிராயம் சொல்லும் தொன் குஸ்தோதியோ ஆகியோரைக் காணச் சிரிப்பு வருகிறது. ஆனால் நினைவில் நிற்பதில்லை. சீன வர்த்தகன் கிரோகாவின் 9,000 பெஸோ கடனில் 2,000-ஐத் தள்ளிக் கொடுத்து, அவன் கிடங்கில் ஸிமோன் துப்பாக்கிகளை ஒளிக்கும் காட்சி இவற்றினும் கூர்மையானது. பஸிலியோவுக்காகப் பேசி, பலிக்காமல் பதவியைத் துறக்கும் ஸ்பானிய உயர் அதிகாரிக்கு ரிஸால் பெயரே வைக்கவில்லை. அத்தகையவர் ஒருவரேனும் ஸ்பானியரிடையே இருந்தார் என்று காட்டியது ஆசிரியரின் நடுநிலைமைக்குச் சான்று. பெண்பாத்திரங்களில் ஹூலி ஒருத்தியைத் தவிர ஏனையோர் நிழலுருவங்கள் என்பதை நூலின் குறையாகவே சொல்ல வேண்டும்.

முடிவில், பவுலிதாவின் கல்யாண விருந்துக்கு மாதுளம்பழ உருவில் செய்த விளக்கொன்றை ஸிமோன் பரிசாகக் கொண்டுவருகிறான்; உள்ளே நைட்ரோகிளிஸரின். ஒளி மங்கியதும் எவரேனும் திரியைத் தூண்டினால் வீடு முழுவதும் தகர்ந்துவிடும். விருந்தினர் கையில் கிடைத்த சீட்டிலிருந்த இபார்ராவின் கையெழுத்தைக் கண்டு, அவனுடைய பழைய எதிரியான ஸால்வி பாதிரி நடுங்குகிறார். பஸிலியோவிடம் உண்மையறிந்த இஸாகானி, தன்னைக் கைவிட்டவள் உயிரைக் காக்க உள்ளே பாய்ந்து, விளக்கைப் பிடுங்கி நதியில் எறிந்துவிட்டு ஓடுகிறான். காயமுற்ற ஸிமோன் கடற்கரையில் தனித்து வாழும் சுதேசிப் பாதிரியார் ஃபிளோரென்தினோவின் இல்லத்தை அடைந்து, விஷம் அருந்தி, தன் கதை முழுவதையும் சொல்லி மடிகிறான். அப்பெரியவர் நகைப்பெட்டியைப் பஸிபிக் சமுத்திரத்தில் வீசுகிறார். வன்முறையை ரிஸால் கண்டிக்கிறாரா, அன்றி ஸிமோனின் மாசுபட்ட கைகளை மட்டுமே கண்டிக்கிறாரா என்பது இன்றளவும் தீராத விவாதம். கதையின் போக்கு இரண்டாவதற்கே சார்பாக இருக்கிறது.

1896 ஆகஸ்டில் கதிபுனான் என்னும் இரகசியச் சங்கத்தார் ஸ்பானிய ஆட்சிக்கு எதிராகப் புரட்சி தொடங்கினர். அதில் தமக்குப் பங்கில்லை என்று ரிஸால் அறிவித்தும், அவ்வாண்டு டிசம்பர் 30-ஆம் தேதி மணிலாவில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1956-இல் இயற்றப்பட்ட குடியரசுச் சட்டம் 1425, கத்தோலிக்கத் திருச்சபையினரின் கடும் எதிர்ப்புக்கிடையே, இவ்விரு நாவல்களையும் கல்விக்கூடங்களில் பாடமாக்கியது. இன்று பிலிப்பைன் பள்ளிகளில் ‘எல் ஃபிலிபுஸ்தெரிஸ்மோ’ பத்தாம் வகுப்பு மாணவருக்குப் பாடமாக இருந்து வருகிறது.