குளியலறையில் இசை வேண்டாம்!

திரையிசைத் தடம் – 9

1960-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்கள். ‘சைக்கோ’ படப்பிடிப்பு முடிந்து, எடிட் செய்த முதல் வடிவத்தை ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் போட்டுப் பார்த்தார். திருப்தியில்லை. ஒரு மணி நேரமாகச் சுருக்கித் தன் தொலைக்காட்சித் தொடரில் போட்டுவிடலாமா என்றுகூட யோசித்தாராம். பிற்காலத்தில் இதைச் சொன்னவர் படத்தின் இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன். கொஞ்சம் பொறுங்கள், இசையைச் சேர்த்துவிட்டுப் பார்ப்போம் என்று அவர்தான் தடுத்தார். ஹிட்ச்காக் ஒப்புக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனையோடு. வேறு எங்கே வேண்டுமானாலும் இசை போட்டுக்கொள்ளலாம். குளியலறைக் கொலைக் காட்சியில் மட்டும் கூடாது. தண்ணீர் கொட்டும் சத்தமும் பெண்ணின் அலறலும் அங்கே போதும்.

படத்தைப் பார்க்காதவர்களுக்கும் தெரிந்த அந்த வயலின் கீச்சொலி, இயக்குநர் வேண்டாம் என்று சொன்ன இடத்தில் பிறந்தது.

சென்ற வாரம் ‘கிங்காங்’ படத்தின் மாக்ஸ் ஸ்டைனரைப் பார்த்தோம். அவர் 1933-இல் போட்ட பாதையில்தான் ஹாலிவுட் அடுத்த கால் நூற்றாண்டு நடந்தது. பெரிய ஆர்கெஸ்ட்ரா, ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு மெட்டு, கண்ணில் தெரிவதைக் காதிலும் சொல்லிவிடும் இசை. ஹெர்மனுக்கு அந்தப் பாதை பிடிக்கவில்லை. 1911-இல் நியூயார்க்கில் பிறந்தவர், 1934-இல் சி.பி.எஸ். வானொலியில் சேர்ந்தவர். ஆர்சன் வெல்ஸின் வானொலி நாடகங்களுக்கு இசை தந்து, அவருடனேயே ‘சிட்டிசன் கேன்’ (1941) வழியாகச் சினிமாவுக்கு வந்தார். வானொலியில் திரை கிடையாது. கதவு திறப்பதையும் ஆள் பயப்படுவதையும் ஒலியால்தான் காட்ட வேண்டும், அதுவும் சில விநாடிகளுக்குள். ஹெர்மனின் இசை ஏன் நீண்ட மெட்டுகளாக விரியாமல் நாலைந்து ஸ்வரங்களின் சின்னச் சின்னத் துணுக்குகளாகவே நகர்கிறது என்பதற்கு விடை அந்த வானொலி ஆண்டுகளில் இருப்பதாக நான் நினைக்கிறேன்.

இன்னொரு பிடிவாதமும் உண்டு. ஹாலிவுட்டில் இசையமைப்பாளர் மெட்டை எழுதிக் கொடுப்பார். எந்தக் கருவி எதை வாசிப்பது என்று பிரித்து எழுத வேறு ஆட்கள் இருந்தார்கள். ஹெர்மன் அதை யாரிடமும் விட்டதில்லை. அவரைப் பொறுத்தவரை, எந்த வாத்தியம் என்பதே பாதி இசை. 1951-இல் ‘தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்’ படத்தில் வேற்றுக்கிரக மனிதன் வந்து இறங்கும்போது, கையால் தொடாமலே வாசிக்கப்படும் தெரமின் என்ற மின்கருவிகள் இரண்டை அவர் பயன்படுத்தினார். பறக்கும் தட்டு என்றாலே இன்றும் நம் காதில் ஒலிக்கும் அந்த ஊளை பரவியதில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஹிட்ச்காக்கோடு அவர் சேர்ந்தது 1955-இல், ‘தி டிரபிள் வித் ஹாரி’யில். ‘வெர்டிகோ’ (1958) வந்தபோது இருவரும் ஒருவர் மனத்தை ஒருவர் படிக்கக் கற்றிருந்தார்கள். சான்ஃபிரான்சிஸ்கோ தெருக்களில் ஜேம்ஸ் ஸ்டூவர்ட் காரில் கிம் நோவக்கைப் பின்தொடரும் காட்சிகளில் வசனமே கிடையாது. அந்த மனிதன் கண்காணிக்கிறானா, காதலில் விழுகிறானா என்பதை இசை மட்டும்தான் நமக்குச் சொல்கிறது. வசனத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தை இசையமைப்பாளர் கையில் கொடுக்கும் துணிச்சல் ஹிட்ச்காக்கிடம் இருந்தது. அதனால்தான் ‘சைக்கோ’வில் அவர் போட்ட தடை வியப்பைத் தருகிறது.

‘சைக்கோ’ சிக்கனமாக எடுக்கப்பட்ட படம். சுமார் 8 லட்சம் டாலர், கறுப்பு வெள்ளை, தொலைக்காட்சித் தொடரில் வேலை பார்த்த குழு. இசைக்கும் பெரிய தொகை கிடையாது. ஹெர்மன் ஊதுகருவிகளையும் தாளக்கருவிகளையும் மொத்தமாக ஒதுக்கினார். வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ் என்று வில்லால் வாசிக்கும் தந்திக் கருவிகள் மட்டும், ஏறத்தாழ 50 பேர். கறுப்பு வெள்ளைப் படத்துக்குக் கறுப்பு வெள்ளையாகவே ஒலிக்கும் இசை வேண்டும் என்பது அவர் தந்த விளக்கம். பணமில்லாததால் வந்த முடிவு என்று அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தக் காலத்தில் காதல் காட்சி என்றால் கூப்பிடப்படும் வாத்தியம் வயலின்தான். இனிமைக்கென்றே பழக்கப்பட்ட அதே வாத்தியத்தைக் கொலைக்குக் கொண்டுவந்ததில் தெளிவான யோசனை இருக்கிறது.

மாரியன் என்ற பெண் வேலை பார்க்கும் இடத்திலிருந்து 40,000 டாலரை எடுத்துக்கொண்டு ஊரைவிட்டு ஓடுகிறாள். இரவு, மழை, கார். திரையில் இருப்பது ஜேனட் லீயின் முகமும் கண்ணாடியைத் துடைக்கும் வைப்பரும் எதிர்வரும் விளக்குகளும்தான். ஒலியை நிறுத்திவிட்டு இந்தக் காட்சியைப் பாருங்கள். ஒரு பெண் கார் ஓட்டுகிறாள், அவ்வளவுதான். சூப்பர் மார்க்கெட்டுக்குப் போகிறாள் என்றாலும் நம்பலாம். ஒலியை வைத்ததும் வில்கள் கம்பிகளை வெட்டி வெட்டி இழுக்கின்றன, வேகம் குறையாமல் ஒரே துணுக்கு சுற்றுகிறது, நமக்கு அடிவயிறு இறுகுகிறது. படம் தொடங்கும்போது பெயர்கள் ஓடியதும் இதே இசையில்தான். எதுவும் நடக்காத முதல் நிமிடத்திலேயே ஏதோ நடக்கப்போகிறது என்று ஹெர்மன் காதில் ஓதிவைத்துவிட்டார்.

கொலைக் காட்சி வரையிலும் அதற்குப் பிறகும் தொடரும் ஒரு நுட்பம் இருக்கிறது. தந்திக் கருவியின் குதிரையில் மியூட் என்ற சிறு கவ்வியை மாட்டினால் நாதம் அடங்கி, துணியால் மூடியதுபோல ஒலிக்கும். படத்தின் மற்ற இசை முழுவதையும் மியூட் மாட்டியே வாசிக்க வைத்த ஹெர்மன், அந்தக் கொலைக்கு மட்டும் அதைக் கழற்றச் சொன்னார். அத்தனை நேரம் அடங்கிய நாதத்துக்கே பழகிப்போன காது, குளியலறைத் திரைச்சீலை விலகும் அந்த நொடியில் மியூட் இல்லாத கம்பிகளின் அலறலைச் சந்திக்கிறது. முதலில் வயலின்கள் உச்ச ஸ்தாயியில் ஒரே ஸ்வரத்தை அறைகின்றன. அதோடு ஒட்டாத இன்னொரு ஸ்வரத்தைக் கீழே மற்ற வயலின்கள் சேர்க்கின்றன. அடுத்து வயோலா, அடுத்து செல்லோ என்று அபஸ்வரம் படிப்படியாக இறங்குகிறது. இரண்டாம் சுற்றில் விரலைக் கம்பியில் சறுக்கியபடி அதே தாக்குதல். பிறகு கீழ்ஸ்தாயியில் செல்லோக்களும் பாஸ்களும் மூச்சு வாங்க, மாரியன் சுவரோடு சரிகிறாள். இசை அங்கே நின்றுவிடுகிறது. மிச்சமிருப்பது தண்ணீர்ச் சத்தம், ஹிட்ச்காக் முதலில் கேட்டதுதான்.

இந்தக் காட்சியில் கத்தி உடலில் இறங்குவதை நாம் பார்த்ததாக நினைக்கிறோமே, அதில் பெரும்பகுதி எடிட்டிங்கும் இசையும் சேர்ந்து நமக்குள் எழுதியது. படமாக்க 7 நாட்கள் ஆன, ஒரு நிமிடத்துக்கும் குறைவான கொலை அது. துண்டு துண்டான ஷாட்டுகள் காட்டாமல் விட்டதை வில்கள் நிரப்புகின்றன.

ஹெர்மன் காட்சியை முதலில் இசையில்லாமல் போட்டுக் காட்டினார், பிறகு இசையோடு. இசையோடுதான் வேண்டும் என்றார் ஹிட்ச்காக். வேண்டாம் என்று சொன்னது நீங்கள்தானே என்று கேட்டபோது, அது தவறான யோசனை என்று ஒப்புக்கொண்டாராம். படத்தின் தாக்கத்தில் 33 சதவீதம் இசையால் வந்தது என்று அவர் பின்னர் சொன்னதாகவும் பதிவிருக்கிறது. ஆஸ்கரில் அந்த இசைக்குப் பரிந்துரைகூடக் கிடைக்கவில்லை. இன்று நினைத்தாலும் ஆற்றாமையாக இருக்கிறது.

நினைவில் நிற்கும் இசை என்றதும் நாம் வாய்விட்டுப் பாடக்கூடிய மெட்டைத் தேடுகிறோம். பாட்டுக்கு அது சரி. ‘சைக்கோ’வின் அந்தத் துண்டை யாரும் குளிக்கும்போது முணுமுணுப்பதில்லை, அதில் மெட்டே இல்லை. அது எப்போது வருகிறது, அதற்கு முன் காது எதைக் கேட்டுப் பழகியிருந்தது, எங்கே நிற்கிறது, இந்த மூன்றும்தான் அதை நம்மோடு வைத்திருக்கின்றன. பின்னால் மாடிப்படியில் துப்பறிவாளர் கொல்லப்படும்போதும், நிலவறையில் உண்மை வெளிப்படும்போதும் அதே கீச்சொலி திரும்ப வருகிறது. அப்போது நாம் கண்ணை மூடிக்கொண்டாலும் பயனில்லை, காதுக்கு ஏற்கெனவே தெரியும்.

1963-இல் ‘தி பேர்ட்ஸ்’ வந்தது. அதில் பின்னணி இசையே கிடையாது. ஆஸ்கர் சாலா டிராட்டோனியம் என்ற மின்கருவியில் பறவை ஒலிகளை உருவாக்கினார். ஒலி ஆலோசகராக உடனிருந்தவர் ஹெர்மன். இசை வேண்டாத இடம் எது என்பதையும் அறிந்தவர் அவர்.

ஆனால் 1966-இல் ‘டார்ன் கர்ட்டன்’ படத்தில் எல்லாம் முறிந்தது. யூனிவர்சல் ஸ்டுடியோ இளைஞர்களைக் கவரும் புதுமோஸ்தர் இசையைக் கேட்டது. ஹிட்ச்காக்கும் அதையே ஹெர்மனிடம் வலியுறுத்தினார். ஹெர்மன் எழுதிக்கொண்டு வந்ததோ 12 புல்லாங்குழல், 16 ஹார்ன், 9 டிராம்போன் எனக் கனத்து நின்ற இசை, வயலின் ஒன்றுகூட இல்லாமல். போதாக்குறைக்கு, இசையில்லாமல் இருக்கட்டும் என்று ஹிட்ச்காக் சொல்லியிருந்த பண்ணைவீட்டுக் கொலைக் காட்சிக்கும் இசை எழுதியிருந்தார். ஆறு ஆண்டுகளுக்கு முன் ஜெயித்த அதே வழி! ஒலிப்பதிவு நடந்துகொண்டிருக்கும்போது ஹிட்ச்காக் வந்தார், முகப்பு இசையைக் கேட்டார், வேலையை அங்கேயே நிறுத்தினார். வேறு இசையை ஜான் அடிசன் எழுதினார். இருவரும் அதற்குப் பிறகு சேர்ந்து வேலை செய்யவே இல்லை.

அந்தப் பண்ணைவீட்டுக் காட்சியை இசையோடும் இல்லாமலும் பார்க்க இப்போது வழியிருக்கிறது. ஒரு மனிதனைக் கொல்வது எவ்வளவு கடினம், எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று காட்டும் காட்சி. மூச்சிரைப்பும் பொருட்கள் உருளும் சத்தமும் மட்டும் கேட்கும்போதுதான் அது உறைக்கிறது. அந்த ஒரு காட்சியில் ஹிட்ச்காக் சொன்னது சரி என்பதே என் கருத்து. அதற்காக மொத்த இசையையும் தூக்கி எறிந்ததையும், இத்தனை படங்கள் தோள் கொடுத்தவரை இசைக்கலைஞர்கள் முன்னிலையில் அனுப்பியதையும் என்னால் ஏற்க முடியவில்லை. நட்சத்திரங்களாகப் பால் நியூமனும் ஜூலி ஆண்ட்ரூஸும் இருந்தும் படம் ‘சைக்கோ’வின் பக்கத்தில்கூட வரவில்லை.

ஹெர்மனை அடுத்த தலைமுறை தேடிப் போனது. பிரான்ஸிலிருந்து த்ரூஃபோ ‘ஃபாரன்ஹீட் 451’க்கு அழைத்தார். மார்ட்டின் ஸ்கார்செஸி ‘டாக்ஸி டிரைவர்’ கொடுத்தார். அதன் ரீ-ரெக்கார்டிங் முடிந்த சில மணி நேரத்தில், 1975 டிசம்பர் 24 அன்று, ஹெர்மன் தூக்கத்திலேயே காலமானார். வயது 64. 1991-இல் ஸ்கார்செஸி ‘கேப் ஃபியர்’ படத்தை மறுபடி எடுத்தபோது, 1962-இல் அதன் மூலப்படத்துக்கு ஹெர்மன் எழுதிய இசையையே பயன்படுத்தினார். அதைச் செப்பனிட்ட எல்மர் பெர்ன்ஸ்டைன், ஹிட்ச்காக் நிராகரித்த ‘டார்ன் கர்ட்டன்’ இசையின் பகுதிகளையும் அதில் சேர்த்தார். பாதியில் நிறுத்தப்பட்ட அந்த ஹார்ன்களைத் திரையரங்குகள் 25 ஆண்டுகள் கழித்துக் கேட்டன.

(தொடரும்)