பி53 புரதம்

பி53 என்பது உயிரணுப் பிரிவைக் கட்டுப்படுத்தும் பல மரபணுக்களை நெறிப்படுத்தும் ஒரு படியெடுத்தல் காரணி ஆகும். மனிதரில் 17ஆம் நிறப்புரியின் குறுங்கரத்தில் அமைந்துள்ள டிபி53 என்னும் மரபணு இப்புரதத்தை உருவாக்குகிறது. இது ஒரு கட்டி ஒடுக்கிப் புரதம். மனிதப் புற்றுநோய்களில் ஏறத்தாழப் பாதியில் இம்மரபணு பிறழ்வுற்றோ இழக்கப்பட்டோ காணப்படுகிறது.

பெயரும் கண்டுபிடிப்பும்

மின்புலத்தில் புரதங்களை நகரச்செய்து எடையைக் கணிக்கும் முறையில் இதன் எடை 53 கிலோ டால்டன் எனத் தோன்றியதால் இப்பெயர் ஏற்பட்டது. 393 அமினோ அமிலங்கள் கொண்ட இதன் உண்மையான எடை ஏறத்தாழ 44 கிலோ டால்டன் மட்டுமே. 1979இல், எசுவி40 என்னும் தீநுண்மத்தின் புரதம் ஒன்றுடன் இது பிணைந்திருப்பதைப் பல ஆய்வுக்குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. தொடக்கத்தில் இது புற்றுநோயைத் தூண்டும் புரதம் எனக் கருதப்பட்டது. ஆய்வுக்குப் பயன்பட்ட மரபணுப் படிகள் பல பிறழ்வுற்றவையாக இருந்ததே இதற்குக் காரணம். இயல்பான பி53 புற்றுநோயைத் தடுக்கிறது என்பது 1989இல் தெளிவாயிற்று.

நெறிப்படுத்தும் முறை

இயல்பான உயிரணுவில் எம்டிஎம்2 என்னும் புரதம் பி53உடன் இணைந்து அதைச் சிதைவுக்கு உட்படுத்துகிறது. எனவே அதன் அளவு மிகக் குறைவாகவே இருக்கும். டி.என்.ஏ. சேதமடையும்போது சில நொதிகள் பி53இல் பாசுபேற்றைச் சேர்க்கின்றன. அதனால் சிதைவு குறைந்து அதன் அளவு உயர்கிறது. பின்னர் நான்கு மூலக்கூறுகள் ஒன்றுசேர்ந்து டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட வரிசைகளில் பிணைந்து பின்வரும் மரபணுக்களைத் தூண்டுகின்றன:

• பி21: சைக்கிளின் சார்ந்த கைனேசு நொதிகளைத் தடுக்கிறது. இதனால் ஆர்பி புரதம் ஈ2எஃப் காரணிகளை விடுவிப்பதில்லை, டி.என்.ஏ. இரட்டிப்புக்குத் தேவையான மரபணுக்கள் படியெடுக்கப்படுவதில்லை.
• பூமா, பாக்சு: சேதம் சீர்செய்ய இயலாததாயின் திட்டமிடப்பட்ட உயிரணு இறப்பைத் தொடக்குகின்றன.
• எம்டிஎம்2: பி53இன் அளவை மீண்டும் குறைக்கிறது. இது ஓர் எதிர்ப் பின்னூட்டச் சுழற்சியாகும்.

சைக்கிளின் பி போன்ற, பிரிவை ஊக்குவிக்கும் மரபணுக்கள் பி53ஆல் அடக்கப்படுவது பெரும்பாலும் மறைமுகமானது. பி21 வழியாக உருவாகும் டிரீம் என்னும் புரதத் தொகுதியே அவற்றை அடக்குகிறது.

புற்றுநோயுடன் தொடர்பு

பெரும்பாலான பிறழ்வுகள் டி.என்.ஏ.வுடன் பிணையும் பகுதியில், குறிப்பாக 175, 248, 273ஆம் அமினோ அமிலங்களில் நிகழ்கின்றன. ஓர் அமினோ அமிலம் மாறினாலே பி53 தன் இலக்கு மரபணுக்களைத் தூண்டும் திறனை இழக்கக்கூடும். அப்போது சேதமுற்ற உயிரணுக்களும் தடையின்றிப் பிரிகின்றன. கருப்பை வாய்ப் புற்றுநோயில் பொதுவாக மரபணு பிறழ்வதில்லை. மாறாக, மனிதப் பாப்பிலோமா தீநுண்மத்தின் ஈ6 புரதம் பி53ஐச் சிதைக்கிறது. டிபி53 பிறழ்வைப் பெற்றோரிடமிருந்து பெறுவோருக்கு லி-ஃப்ராமெனி நோய்த்தொகை ஏற்படுகிறது. இவர்களுக்கு இளம் வயதிலேயே பலவகைப் புற்றுநோய்கள் தோன்றும் வாய்ப்பு மிகுதி.

யானைகளின் மரபுத்தொகுதியில் இம்மரபணுவின் ஏறத்தாழ 20 படிகள் உள்ளன என 2015இல் அறிவிக்கப்பட்டது. பேருடலும் நீண்ட ஆயுளும் கொண்ட யானைகளில் புற்றுநோய் அரிதாக இருப்பதற்கு இது ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.