அரிசிக்கு முதல் பாக்கெட் போட்டது யாரு?

எந்தக் கம்பெனியும் இல்லீங்க, நெற்பயிர்தான். உமி என்பது அது போட்ட பொட்டலம். பூச்சி சுலபமா உள்ளே போகாது, காய்ந்த நெல்லாக இருந்தால் மாதக்கணக்கில் தாங்கும். அதனால்தான் நம்ம பாட்டன்கள் குதிரிலும் பத்தாயத்திலும் அரிசியை வைக்காமல் நெல்லைக் கொட்டி வைத்தார்கள். வேணும்கிறப்போ வேணும்கிற அளவு குத்திக்கிட்டாங்க.

உமியை எடுத்ததும் சிக்கல் ஆரம்பம். அதற்கடியில் இருக்கும் தவிட்டில் எண்ணெய் இருக்கு. நாளானால் சிக்கு வாடை அடிக்கும். 19ஆம் நூற்றாண்டில் வந்த நீராவி மில்கள் தவிட்டையும் சேர்த்தே தீட்டித் தள்ளின. அந்த அரிசி சணல் மூட்டையில் கப்பலேறிப் போனாலும் கெடாது. பார்க்கவும் மல்லிகைப்பூ மாதிரி. வியாபாரிக்கும் சந்தோஷம், வாங்குறவங்களுக்கும் சந்தோஷம். வெள்ளைன்னா சுத்தம்னு ஒரு நம்பிக்கை வேற!

இதற்குக் கொடுத்த விலை பெரிபெரி. கால் மரத்துப்போய், இதயம் பலவீனமாகி ஆளையே சாய்க்கும் நோய். 1890 வாக்கில் ஜாவாவின் பத்தாவியாவில் (இன்றைய ஜகார்த்தா) டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் எய்க்மன் வளர்த்த கோழிகள் கால் துவண்டு விழுந்தன. ஆஸ்பத்திரிச் சமையலறையில் மிஞ்சிய வெள்ளைச் சோறுதான் அவற்றுக்குத் தீனி. புதுசா வந்த சமையல்காரர் அந்தச் சோற்றைத் தர மறுக்க, தீட்டாத அரிசி போட்டார்கள். கோழிகள் எழுந்துவிட்டன! அரிசியில் ஏதோ விஷம் என்றுதான் எய்க்மன் நினைத்தார். விஷமில்லை, தேவையான ஒன்று குறைகிறது என்று 1901இல் சொன்னவர் கெரிட் கிரைன்ஸ். அந்த ஒன்றுதான் தயமின், அதாவது வைட்டமின் பி1. எய்க்மனுக்கு 1929இல் நோபல் பரிசு கிடைத்தது.

நம்ம பக்கம் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் 1918இல் பெரிபெரி ஆய்வைத் தொடங்கினார். தெலுங்குக் கடலோர மாவட்டங்களில், மில்லில் தீட்டிய பச்சரிசி சாப்பிட்டவர்களை இந்த நோய் அதிகம் வாட்டியது. புழுங்கலரிசி சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் தப்பித்தார்கள். காரணம் எளிது. நெல்லை அவிக்கும்போது தவிட்டுச் சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள்ளே இறங்கிவிடுகிறது. யார் கண்டுபிடித்தார்களோ, அவங்க கையைக் கண்ணில் ஒத்திக்கலாம்.

சரி, இன்றைக்கு வருவோம். முழுதானியம் சர்க்கரை நோய், இதய நோய் அபாயத்தைக் குறைக்கும் என்று டாக்டர்களே சொல்கிறார்கள். உடனே கடைக்கு ஓடுகிறோம். அங்கே தீட்டாத அரிசியும் சிறுதானியமும் பளபளக்கும் பிளாஸ்டிக் பையில்! தவிட்டு எண்ணெய் கெடாமல் இருக்கணுமே, காற்றுப் புகாத பை வேண்டியிருக்கு. சணலைக் காப்பாற்ற 1987இல் மத்திய அரசு தனிச் சட்டம் போட்டது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை. 2021 டிசம்பரில் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. நாமும் மஞ்சப்பையோடுதான் போகிறோம், ஆனா அதுக்குள்ளே நாலு பிளாஸ்டிக் பாக்கெட் :-)

சட்டத்தைவிட நம்ம கண்ணைத்தான் முதலில் திருத்தணும். அன்னைக்கு வெள்ளையைப் பார்த்து மயங்கினோம், இன்னைக்குப் பளபளப்பைப் பார்த்து மயங்குறோம். ஆறு மாசம் கெடாத முழுதானியம் வேணும்னு கேட்டா பிளாஸ்டிக்தான் வரும். பதினைந்து நாளைக்குத் தேவையானதை, புதுசா உமி நீக்கியதா, துணிப்பையில் வாங்கினால் போதும். மிச்ச நாளெல்லாம் அது உமிக்குள்ளேயே பத்திரமா இருக்கட்டுமே. அதைவிட நல்ல பாக்கெட்டை இதுவரை யாராவது போட்டிருக்காங்களா, சொல்லுங்க?