நாவெழாத பாரிஸ்டர்

கூட்டம் முடியும் தறுவாயில், நன்றியுரை கூற வேண்டியவர் வரவில்லை என்று அறிந்ததும், சங்கச் செயலாளர் நம்மை நோக்கி விரைந்து வருவார். அந்தச் சில விநாடிகளில் உள்ளங்கை வியர்ப்பதை வெளி மாநிலங்களில் வாழும் தமிழர் பலர் அறிவர். ஆண்டு விழா, குடியிருப்போர் கூட்டம், பிள்ளைகள் பயிலும் பள்ளி, அலுவலகம் என எங்கேனும் ஓரிடத்தில் இக்கட்டம் வந்தே தீரும். அதற்கு நாம் வைத்திருக்கும் சாக்கும் ஒன்றே: இவ்வூர் மொழி நமக்குச் சரளமாக வராது என்பது. நாமும் அதனைப் பலமுறை கூறியவரே. பிறர் பேசியதையும் எழுதியதையும் மொழிபெயர்ப்பதையே தொழிலாகக் கொண்ட நாம், ஒரு மாலை, தமிழர் மட்டுமே கூடியிருந்த அவையில், தமிழிலேயே நான்கு வரி நன்றி கூற எழுந்து, தலைவரின் பெயரையே மறந்து அமர்ந்தோம். மொழியின்மேல் பழி போடும் வழக்கத்தை அன்றோடு விட்டோம்.

இன்று நகரந்தோறும் பேச்சுப் பயிற்சி வகுப்புகள் நடைபெறுகின்றன. நிற்கும் விதம், கையசைவு, குரலின் ஏற்றத்தாழ்வு யாவும் அங்கே கற்பிக்கப்படுகின்றன. அவற்றைப் பழிப்பது நம் நோக்கமன்று. ஆயினும் அவ்வழியிலும் சென்று பார்த்து, பயன் காணாமல் திரும்பிய ஒருவரின் வரலாறு நம் நாட்டில் உண்டு. அதனை அவரே ஒளிவுமறைவின்றி ‘சத்திய சோதனை’யில் எழுதி வைத்திருக்கிறார். கோடிக்கணக்கான மக்கள் செவிசாய்த்த காந்தியடிகளுக்கு, இளமையில் பத்துப் பேர் முன்னிலையில் நா எழவில்லை.

1888ஆம் ஆண்டில் அவர் சட்டம் பயில லண்டனுக்குப் புறப்பட்டபோது, ராஜ்கோட்டில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் அவருக்கு ஒரு வழியனுப்பு விழா நடத்தினர். நன்றியாகச் சில சொற்களை எழுதியே கொண்டு போயிருந்தார். அவற்றைத் திக்கித் திணறித்தான் சொல்ல முடிந்தது; தலை சுற்றியது, உடல் நடுங்கியது. அவர் வளர்ந்த ஊர் அது. கூடியிருந்தோர் அவரோடொத்த மாணவர். அயல்மொழியையோ அயலாரையோ காரணம் காட்ட அங்கே இடமில்லை.

லண்டனில் சில மாதங்கள் ஆங்கிலக் கனவானாக மாற அவர் முயன்றார். நடனத்திற்கும் வயலினுக்கும் பணம் கட்டியதோடு, பேச்சுக் கலை ஆசிரியர் ஒருவருக்கும் ஒரு கினி கொடுத்தார். அந்த ஆசிரியர் பெல் என்பாரின் பாடநூலை வாங்கச் சொல்லி, பிட் என்ற பழைய பிரதமரின் சொற்பொழிவு ஒன்றிலிருந்து பாடத்தைத் தொடங்கினார். (அந்நூலை இயற்றிய இரு சகோதரருள் ஒருவர், தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல்லின் தந்தையார் என்பது வானொலி நேயர்களுக்குச் சுவையூட்டலாம்.) இரண்டு மூன்று பாடங்களுக்குள் காந்தியடிகள் விழித்துக்கொண்டார். வாழ்நாள் முழுவதையும் இங்கிலாந்திலா கழிக்கப் போகிறோம், இப்பயிற்சி எதற்கு என்று தம்மையே கேட்டுக்கொண்டு, ஆசிரியருக்குக் கடிதம் எழுதி நின்றுவிட்டார்.

பாடம் நின்றது, அச்சம் நிற்கவில்லை. மரக்கறி உணவுச் சங்கத்தின் செயற்குழுவில் அவர் உறுப்பினர். கூட்டம் தவறாமல் செல்வார். வாய் திறவாமல் திரும்புவார். ஒருமுறை, கருத்தடை பற்றிய தம் கொள்கைக்காக டாக்டர் அலின்சன் என்பவரைச் சங்கத்திலிருந்து விலக்கவேண்டும் என்ற தீர்மானம் வந்தது. அலின்சனின் கொள்கை காந்தியடிகளுக்கு உடன்பாடன்று. எனினும், ஒழுக்கம் பற்றிய கருத்து வேறுபாட்டுக்காக மரக்கறிச் சங்கத்திலிருந்து ஒருவரை விலக்குவது முறையாகாது என்று அவர் கருதினார். அதனை எழுதினார். படிக்கத் துணிவு வரவில்லை, வேறொருவர் படித்தார். அலின்சன் தரப்பு தோற்றது. நியாயம் தம் பக்கம் இருந்தும் குரல் இல்லாமற் போனதன் விலை என்ன என்பதை அவர் அன்று கண்டிருக்கவேண்டும்.

1891இல் தாயகம் திரும்புமுன், நண்பர்களுக்கு ஹோல்போர்ன் உணவு விடுதியில் விருந்தளித்தார். நகைச்சுவையாகப் பேசி அனைவரையும் மகிழ்விப்பது அவர் திட்டம். பாராளுமன்றத்தில் முதன்முறை பேச எழுந்த அடிசன் என்ற எழுத்தாளர், தொடங்கிய சொல்லையே மும்முறை திரும்பச் சொல்லி மேலே போக முடியாமல் நின்ற கதையை எடுத்துக்கொண்டார். பேச்சு நின்றுபோன ஒருவரின் கதையில் அவர் பேச்சும் நின்றுபோயிற்று! அழைப்பை ஏற்று வந்தமைக்கு ஒரு வாக்கியத்தில் நன்றி கூறி அமர்ந்தார்.

பம்பாயில் நிகழ்ந்ததோ இதனினும் கொடிது. சிறு வழக்குகளுக்கான நீதிமன்றத்தில் மமிபாய் என்ற பெண்ணின் வழக்கில் பிரதிவாதிக்காக ஆஜரானார். கட்டணம் முப்பது ரூபாய். குறுக்கு விசாரணைக்கு எழுந்ததும் நெஞ்சு படபடத்தது. கேட்க ஒரு கேள்வியும் தோன்றவில்லை. அமர்ந்தார், வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்து நீதிமன்றத்தை விட்டு வெளியேறினார். தென்னாப்பிரிக்கா செல்லும் வரை அவர் மீண்டும் நீதிமன்றத்தில் ஏறவில்லை.

இத்தகையவர் 1893இல் பிரிட்டோரியா நகரத்தை அடைந்த சில நாட்களுக்குள், அங்குள்ள இந்தியர் அனைவரையும் ஒரு கூட்டத்திற்கு அழைத்தார் என்றால் வியப்பாகவே இருக்கிறது. வழியில் நடந்ததை நாம் அறிவோம்: முதல் வகுப்புச் சீட்டு இருந்தும், மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் இரவில் இரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்டார், பின்னர்க் குதிரை வண்டியில் அடி வாங்கினார். கூட்டம் ஒரு வணிகரின் இல்லத்தில் நடைபெற்றது. வந்தவருள் பெரும்பாலோர் மேமன் வணிகர், இந்துக்கள் சிலரே. தம் வாழ்நாளின் முதற் பொதுச் சொற்பொழிவு என்று அவர் இதனையே குறிப்பிடுகிறார்.

பேசிய பொருளைக் கவனிக்கவேண்டும். வணிகத்தில் வாய்மை என்பது பொருள். கேட்டவரோ வணிகத்தில் வாய்மை நடவாது என்று நம்பியவர். அவர்களைப் புகழ்ந்து கைதட்டல் பெறுவது எளிதாக இருந்திருக்கும். அவரோ, அயல்நாட்டில் வாழும் சிலரின் நடத்தையைக் கொண்டே தாய்நாட்டிலுள்ள கோடானுகோடிப் பேரும் மதிப்பிடப்படுவர் என்றும், ஆகவே அங்கே பொறுப்பு கூடுமேயன்றிக் குறையாது என்றும் எடுத்துரைத்தார். துப்புரவு பற்றிக் கடிந்தார். குறைகளை அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்ல ஒரு சங்கம் வேண்டும் என்றார். அதற்குத் தம் நேரத்தைத் தருவதாகவும் கூறினார்.

அன்று நா எழுந்தது எவ்வாறு? நம் கருத்தைக் கூறுகிறோம். ஹோல்போர்னில் அவர் விரும்பியது கேட்போர் தம்மை மெச்சவேண்டும் என்பது. எனவே கண் முழுவதும் தம்மீதே இருந்தது. பிரிட்டோரியாவில் அவர்கள் ஒரு காரியத்தைச் செய்யவேண்டும் என்று விரும்பினார். சொல்லவேண்டிய பொருளை ஆய்ந்து கொண்டு சென்றிருந்தார். அதன் ஒரு பகுதியைத் தம் உடம்பிலேயே பட்டறிந்திருந்தார். நம் சங்கங்களில் மேடை ஏற அஞ்சுவோர், வீட்டுக் குழாயில் நீர் வராதபோது நகராட்சி அதிகாரியிடம் அவ்வூர் மொழியில் அரை மணி நேரம் வாதாடுவதை நாம் கண்டிருக்கிறோம்!

பேச்சோடு அவர் நின்றுவிடவுமில்லை. ஆங்கிலம் கற்க விரும்புவோருக்குத் தாமே கற்பிப்பதாகக் கூறினார். முன்வந்தவர் மூவர்: ஒரு நாவிதர், ஓர் எழுத்தர், ஒரு சிறு கடைக்காரர். அவர்கள் இருக்கும் இடத்திற்கே சென்று பாடம் நடத்தினார். அவர்களுக்கு வேலை இருந்தால் பொறுமை இழக்கவில்லை. கூட்டங்கள் தொடர்ந்து நடந்தன. நாளடைவில் பிரிட்டோரியாவில் அவர் அறியாத இந்தியர் எவரும் இல்லை என்னும் நிலை வந்தது. அறிந்தவர் முன் பேசுவதில் பாதி அச்சம் நீங்கிவிடுகிறது அன்றோ!

அடுத்த ஆண்டு நேட்டாலில் நடந்தது தமிழர்க்கு நெருக்கமானது. பாலசுந்தரம் என்ற ஒப்பந்தக் கூலி, முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் குருதி வழிய, கிழிந்த ஆடையுடன் அவர் அலுவலகத்திற்கு வந்து அழுதார். எசமானன் அடித்த அடி அது. அவர் பேசியது தமிழ், காந்தியடிகளுக்குப் புரியவில்லை. அலுவலகத்திலிருந்த தமிழ் எழுத்தர் அதனை எடுத்துச் சொன்னார். நாம் மொழிபெயர்ப்பாளர் ஆகையால் அந்த எழுத்தரைப் பற்றி அடிக்கடி எண்ணுவதுண்டு. வழக்கின் செய்தி சென்னை வரை பரவியது. ஒப்பந்தத் தொழிலாளரின் பிள்ளைகளாய் அந்நாட்டிலேயே பிறந்த இளைஞர்களுக்கென நேட்டால் இந்தியக் காங்கிரஸின் சார்பில் ஒரு கல்விச் சங்கமும் தோன்றியது. அவர்கள் முறையாகக் கூடிப் பேசினர், கட்டுரை படித்தனர், விவாதித்தனர். ஒரு சிறு நூலகமும் இருந்தது. தம் கூச்சத்தை முற்றும் வெல்லாத ஒருவர், பிறர் பேசிப் பழக இடம் அமைத்திருக்கிறார்.

ஆம், அவர் முற்றும் வெல்லவில்லை. 1896 செப்டம்பரில் பம்பாயில், பிரோஸ்ஷா மேத்தாவின் சொற்படி எழுதி அச்சிட்ட உரையைப் படிக்கத் தொடங்கியதும் மீண்டும் நடுங்கினார். உரக்கப் படிக்குமாறு மேத்தா ஊக்க ஊக்கக் குரல் தாழ்ந்துகொண்டே போயிற்று. இறுதியில் தின்ஷா வாச்சா அதனைப் படித்து முடித்தார். அடுத்த மாதம் சென்னையில், பச்சையப்பன் மண்டபத்தில், அவரது நீண்ட உரையை அவையோர் ஒரு சொல் விடாமல் கேட்டனர். பாலசுந்தரத்தின் பெயர் அவருக்கு முன்பே அங்குச் சென்றிருந்தது. 1901ஆம் ஆண்டு கல்கத்தாக் காங்கிரஸிற்குத் தலைவர் அதே வாச்சா. தென்னாப்பிரிக்கத் தீர்மானத்திற்கு ஐந்து நிமிடம் கிடைத்தது. இடையில் மணி அடிக்கவே, முடிக்கச் சொல்கிறார்கள் என்று எண்ணி, மனம் நொந்து உடனே அமர்ந்தார். இன்னும் இரண்டு நிமிடம் உண்டு என்பதற்கான எச்சரிக்கை மணி அது!

1906 செப்டம்பர் 11 அன்று ஜோஹானஸ்பர்க் எம்பயர் நாடகக் கொட்டகையில் நடந்த கூட்டத்தைத்தான் நாம் அவர் பேச்சின் முதிர்ச்சிக்குச் சான்றாகக் கொள்வோம். இந்தியர் அனைவரும் கைரேகை பதித்துப் பெயர் பதிவு செய்யவேண்டும் என்ற அவசரச் சட்டத்தை எதிர்த்து ஏறத்தாழ 3000 பேர் திரண்டிருந்தனர். பணிவதில்லை என்ற தீர்மானத்தைக் கடவுள் சாட்சியாக ஏற்போம் என்று ஹாஜி ஹபீப் உணர்ச்சி பொங்க முழங்கினார். காந்தியடிகள் இதனை எதிர்பார்க்கவில்லை. தலைவரின் அனுமதி பெற்று, முன்னேற்பாடு ஏதுமின்றி எழுந்தார். கொதித்திருந்த அவையை மேலும் கொதிக்க வைக்கவில்லை. தீர்மானம் வேறு, ஆணை வேறு என்று பிரித்துக் காட்டினார். சிறை, பசி, கசையடி, உடைமை இழப்பு, உயிரிழப்பு என நேரக்கூடியவற்றை ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார். உள்ளத்தைத் தேடிப் பார்த்து, வலிமை இருப்பவர் மட்டும் ஏற்கலாம் என்றார். எல்லோரும் எழுந்து நின்று கை உயர்த்தி ஆணையிட்டனர். கேட்போரை நிதானிக்கச் செய்து வென்ற பேச்சு உலகில் அரிது.

1918இல் டில்லியில் வைஸ்ராய் கூட்டிய போர் மாநாட்டில், இந்துஸ்தானியில் பேச அனுமதி பெற்று, தீர்மானத்தை ஆதரித்து ஒரே ஒரு வாக்கியம் சொல்லி அமர்ந்தார். ஹோல்போர்னிலும் ஒரு வாக்கியமே. அத்தகைய மாநாட்டில் நம் நாட்டு மொழி ஒலித்தது அதுவே முதன்முறை என்று சிலர் பாராட்டினர். அப்பாராட்டு தமக்கு வேதனையையே தந்தது என்கிறார் அவர். தாய்நாட்டில் தாய்நாட்டு மொழி பேசுவது ஒரு செய்தியாக வேண்டியிருந்ததே என்று.

1931இல் அதே லண்டனில், கிங்ஸ்லி மன்றத்திலிருந்து, எழுதிய தாள் ஏதுமின்றி அமெரிக்க மக்களுக்கு வானொலியில் பேசினார். நம் நாட்டில் அவர் வானொலி நிலையத்திற்கு வந்தது ஒரே முறை: 1947 நவம்பர் 12, தீபாவளி நாள். குருக்ஷேத்திர முகாமில் இரண்டு இலட்சத்திற்கும் மேற்பட்ட அகதிகள் தங்கியிருந்தனர். நேரில் செல்ல இயலாத நிலையில், டில்லி நிலையத்தின் அறைக்குள், பிரார்த்தனைக் கூட்டத்தில் அமர்வது போன்றதொரு தாழ்ந்த பலகையில் அமர்ந்து, கண்ணுக்குத் தெரியாத அம்மக்களிடம் பேசினார். ஐம்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் பிரிட்டோரியாவில் பேசியதைப் போலவே, இடத்தைத் துப்புரவாக வைத்துக்கொள்வது பற்றியும் அவரவர் செய்யவேண்டிய வேலை பற்றியும் அன்று அவர் சொன்னார்.