தொலைவில் உணர்ந்த கதை

சில மாதங்களுக்கு முன் சேலத்தில் ஓர் இலக்கியக் கூட்டம் முடிந்து படியிறங்கிக்கொண்டிருந்தேன். கல்லூரி மாணவர் ஒருவர் ஓடிவந்து வழிமறித்தார். "ஐயா, இத்தனை வருஷமாக எழுதுகிறீர்கள். ஓர் ஆவிக் கதையாவது எழுதியிருக்கக் கூடாதா? கஞ்சமலையும் கொல்லிமலையும் பக்கத்திலேயே இருக்கின்றனவே!" என்றார்.

சிரித்து மழுப்பிவிட்டு பஸ் ஏறினேன். ஆனால் கேள்வி என்னோடு கூடவே வந்தது. உண்மையைச் சொல்லப் போனால், அந்தத் துறையில் நான் பதினான்கு வயதிலேயே ஒரு கதை கட்டிவிட்டேன். அதை ஒருவர் நம்பியும் விட்டார். அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் சரித்திரம் சொல்ல வேண்டும். ஏனென்றால் என்னுடைய கதைக்கு வேண்டிய சரக்கு எங்கள் ஊரில் விளைந்ததல்ல. புத்தகங்களின் வழியாக வந்தது.

எங்கள் சேலம், நாமக்கல் சீமைக்கு ஆவிகள் புதியவை அல்ல. உடுக்கையடிக்கும் கோடாங்கி ஊருக்கு ஒருவர் இருந்தார். கஞ்சமலையில் சித்தர் கோயில் இருக்கிறது; அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் கூடும். கொல்லிமலையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் கோடாங்கியிடம் யாரும் 'இதை நிரூபி' என்று கேட்டதில்லை. நம்பினால் போவார்கள், இல்லாவிட்டால் போகமாட்டார்கள். இந்த விஷயங்களைச் சோதித்துப் பார்க்கலாம், கணக்கெடுக்கலாம், ஆராய்ச்சி என்று அதற்குப் பெயர் வைக்கலாம் என்ற எண்ணம் அச்சுப் புத்தகத்தோடு வந்தது.

1881ஆம் வருஷத்தில் ஸின்னெட் என்ற ஆங்கிலேயர் 'மறைபொருள் உலகம்' என்ற பொருள்படும் பெயரில் ஒரு நூலை வெளியிட்டார். அவர் அலகாபாத்தில் 'பயனியர்' பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். பத்திரிகைக்காரர் ஆதலால் கதை சொல்லத் தெரிந்திருந்தது. பிளாவட்ஸ்கி அம்மையார் சிம்லாவில் நிகழ்த்தியதாகச் சொல்லப்பட்ட அதிசயங்களை அதில் விவரித்திருந்தார். ஆறு பேர் உல்லாசப் பயணம் புறப்படுகிறார்கள். கூடையில் ஆறு கோப்பைகள்தாம் இருக்கின்றன. வழியில் ஏழாவது ஆள் ஒருவர் வந்து சேர்ந்துகொள்கிறார். அம்மையார் ஓர் இடத்தைக் காட்டுகிறார். தோண்டிப் பார்த்தால் மண்ணுக்குள் அதே ஜாதிக் கோப்பை ஒன்று! தத்துவத்தை நானூறு பக்கம் எழுதியிருந்தால் லண்டனில் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். ஒரு தேநீர்க் கோப்பை பல வீடுகளுக்குள் புகுந்துவிட்டது.

அடுத்த வருஷமே, 1882இல், லண்டனில் மனோசக்தி ஆராய்ச்சிக்கென்று ஒரு சங்கம் ஏற்பட்டது. கேம்பிரிட்ஜ் தத்துவப் பேராசிரியர் ஸிட்ஜ்விக் அதன் முதல் தலைவர். ஒரு மனம் இன்னொரு மனத்தைத் தூரத்திலிருந்தே அறிவதற்கு 'டெலிபதி' என்ற பெயரை அதே வருஷத்தில் சூட்டிய மையர்ஸும் அந்தச் சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். பிரம்ம ஞான சபை அதற்குள் சென்னை அடையாற்றுக்குக் குடிவந்துவிட்டது. அங்கே ஓர் அலமாரியில் கண்ணுக்குத் தெரியாத மகாத்மாக்களின் கடிதங்கள் வந்து விழுவதாகப் பேச்சு. 1884 செப்டம்பரில் சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியின் பத்திரிகை சில கடிதங்களை வெளியிட்டது. எல்லாம் ஏற்பாடு செய்யப்பட்ட வித்தைகள் என்பதற்கு அவை சாட்சி என்றது. அவை போலிக் கடிதங்கள் என்று அம்மையார் மறுத்தார். அந்த வருஷக் கடைசியில் லண்டன் சங்கம் ரிச்சர்ட் ஹாட்ஜ்ஸன் என்ற இளைஞரை விசாரணைக்கு அனுப்பியது. அவர் அறையறையாகப் பார்த்தார், ஆளாளாக விசாரித்தார், கையெழுத்துகளை ஒப்பிட்டார். எல்லாம் மோசடி என்று 1885இல் அவருடைய அறிக்கை வெளிவந்தது. நூறு வருஷம் கழித்து, 1986இல், அதே சங்கத்தின் பத்திரிகையில் ஹாரிஸன் என்ற கையெழுத்து நிபுணர் 'ஹாட்ஜ்ஸனின் விசாரணை ஒருதலைப்பட்சமானது' என்று எழுதினார். வழக்கு இன்னும் முடியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அறிக்கையைப் படித்தவர்களைவிடக் கோப்பைக் கதையைப் படித்தவர்கள்தாம் அதிகம். சரித்திரத்தில் இது அடிக்கடி நடக்கிறது.

இனித் தமிழுக்கு வருவோம். அந்தக் கிறிஸ்துவக் கல்லூரியிலேயே 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராக இருந்தவர் சுவாமி வேதாசலம் என்னும் மறைமலையடிகள். தனித்தமிழ் இயக்கத்தின் தந்தை என்று எல்லாருக்கும் அவரைத் தெரியும். முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சி எழுதியவர் என்று புலவர்களுக்குத் தெரியும். ஆனால் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் புத்தகம் படிக்கிற பலருக்கு அவர் வேறொரு விதத்தில் அறிமுகமாயிருந்தார். 1911இல் 'மரணத்தின்பின் மனிதர் நிலை', 1922இல் 'யோகநித்திரை அல்லது அறிதுயில்', 1927இல் 'மனிதவசியம் அல்லது மனக்கவர்ச்சி', 1935இல் 'தொலைவிலுணர்தல்' ஆகிய நூல்களை எழுதியவர் அவர்தாம். 'ஹிப்னாட்டிஸம்' என்ற சொல்லைக் கேட்டால் மருந்துக் கடை வாசனை அடிக்கிறது. 'அறிதுயில்' என்றாலோ பாற்கடலில் பள்ளிகொண்ட பெருமாள் கண்முன் வருகிறார். சைவராகிய அடிகள் பெருமாளின் தூக்கத்தை எடுத்து மேல்நாட்டு வித்தைக்குப் பெயராக வைத்தது ஒரு வேடிக்கை. ஆனால் அந்த ஒரு சொல்லால் அந்நியச் சரக்கு நம் வீட்டுச் சரக்காகிவிட்டது. ஆங்கிலம் தெரியாதவனும் 'தொலைவிலுணர்தல்' என்றதும் பொருளைப் புரிந்துகொண்டான். புரிந்ததும் பாதி நம்பியும் விட்டான்.

எங்கள் ஊர் பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில் காவிரிக்கரையில் இருக்கிறது. வெற்றிலைக் கொடிக்கால்தான் பிழைப்பு. 1962இல் நான் உயர்நிலைப் பள்ளியில் படித்தேன். தமிழையா அடிகளாரிடம் பக்தி கொண்டவர். 'தொலைவிலுணர்தல்' அவருடைய அலமாரியில் இருந்தது. ஆங்கில வாத்தியாரோ அமெரிக்கர் ஒருவரின் நூலை வைத்திருந்தார். அந்த அமெரிக்கர் ட்யூக் சர்வகலாசாலையைச் சேர்ந்த ரைன். அவர் சாதுக்களையும் இருட்டறைகளையும் விட்டுவிட்டுச் சீட்டுக்கட்டைக் கையில் எடுத்தவர். வட்டம், கூட்டல் குறி, அலைக்கோடு, சதுரம், நட்சத்திரம் என ஐந்து சின்னங்கள். சின்னத்துக்கு ஐந்து வீதம் இருபத்தைந்து சீட்டுகள். ஒருவர் சீட்டைப் பார்க்க வேண்டும், மற்றவர் பார்க்காமல் சொல்ல வேண்டும். குருட்டு அதிர்ஷ்டத்தில் சராசரியாக ஐந்து சரியாக வரும். அதற்கு மேல் விடாமல் வந்துகொண்டிருந்தால் ஏதோ இருக்கிறது என்று பொருள். 1934இல் அவர் எழுதியது பண்டிதர்களுக்கான நூல். 1937இல் பொதுஜனங்களுக்காக இன்னொன்று எழுதினார். அதற்குப் பிறகு அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு சீட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கால் நூற்றாண்டு கழித்து அந்த அலை வேலூர்ப் பக்கத்துக்கும் வந்து சேர்ந்தது.

நாங்கள் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டிச் சீட்டு செய்தோம். பின்பக்கத்தில் பேனா மையால் சின்னங்களை வரைந்தோம். மாலையில் பள்ளி விட்டதும் எங்கள் வீட்டுத் திண்ணையில் சோதனை நடக்கும். என் சிநேகிதன் மேற்கே முதுகு காட்டி உட்கார்ந்து சீட்டைப் பிடிப்பான். நான் அவனுக்கு எதிரே உட்கார்ந்து சொல்வேன். முதல் நாள் ஆறு. இரண்டாம் நாள் ஒன்பது. ஒரு நாள் பதினான்கு வந்தது. ஊரில் பேச்சாகிவிட்டது. தமிழையா என் தலைமேல் கை வைத்து, "அடிகள் இருந்திருந்தால் உன்னைப் பார்த்து மகிழ்ந்திருப்பார்" என்றார்.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். சிநேகிதனுக்குப் பின்னால் சாயங்கால வெயில் இருந்தது. காகிதம் மெல்லியது. மை நிழலாகத் தெரிந்தது. எனக்கு அது தெரியுமா என்று கேட்டால், தெரியும் என்றும் சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கு ஒரு சாமர்த்தியம் வேண்டும்; அது எனக்கு அந்த வயதிலேயே இருந்தது. ரைனின் ஆரம்பச் சீட்டுகளிலும் சின்னம் பின்பக்கம் தெரிகிறது என்று அமெரிக்காவில் குற்றம் சாட்டினார்கள் என்பதைப் பிற்பாடு படித்தபோது, என் காதோரம் சுட்டது.

அந்தச் சமயத்தில்தான் அத்தை வந்தாள். அப்பாவின் அக்காள். அவளுடைய ஒரே மகன் சங்ககிரி லாரி ஒன்றில் கிளீனராகச் சேர்ந்து பம்பாய்ப் பக்கம் போயிருந்தான். மாதம் ஒரு கார்டு போடுகிறவன் நான்கு மாதமாகப் போடவில்லை. கோடாங்கியிடம் கேட்டாகிவிட்டது, அவர் 'வடக்கே இருக்கிறான்' என்று சொல்லிக் கோழி ஒன்று வாங்கிக்கொண்டார். மாமா, சங்ககிரிக்குப் போய் லாரிக்காரர்களிடம் விசாரித்து, தேவைப்பட்டால் யாராவது ஒரு டிரைவரோடு வடக்கே போய்ப் பார்த்துவருவது என்று பணம் புரட்டிக்கொண்டிருந்தார்.

அத்தை திண்ணையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஏங் கண்ணு, அந்த அட்டையிலே நம்ம பையன் தெரியறானான்னு பாரேன். நீ சொன்னாப் போதும்" என்றாள்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சுற்றிலும் பத்துப் பேர் நின்றார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன். தமிழையாவின் புத்தகத்தில் படித்த மாதிரி மூச்சை அடக்கினேன். பிறகு, "உசுரோட இருக்குது அத்தை. ஆத்தங்கரை ஊரு ஒண்ணு. நல்லாத்தான் இருக்குது" என்றேன்.

அத்தை என் முகத்தை இரு கையாலும் வழித்துத் திருஷ்டி கழித்தாள். மாமா, "பையன் சொல்லிப்போட்டான், தை கழியட்டும்" என்று சங்ககிரிப் பயணத்தைத் தள்ளிப் போட்டார். கடன் வாங்கிய பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

ஏழு மாதம் கழித்து ஒரு டிரைவர் தகரப் பெட்டியோடு வந்தார். மச்சான் லாரி மாறி வேறொரு கம்பெனியில் சேர்ந்திருக்கிறான். காய்ச்சல் கண்டு வழியில் ஓர் ஊர் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்து, கேட்பாரில்லாமல் இறந்து போனான். தேதியைக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். அத்தை என்னைக் கேட்ட அன்றைக்கு அவன் அந்த ஆஸ்பத்திரியில் உயிரோடுதான் இருந்திருக்கிறான். அந்த ஊரில் ஓர் ஆறும் ஓடுகிறதாம்.

மனோசக்தி ஆராய்ச்சிக்காரர் யாரேனும் இதைக் கேட்டால், 'மூன்றில் இரண்டு பலித்தது' என்று குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளக் கூடும். ஆறில்லாத ஊர் எது என்று அவர் கேட்கமாட்டார். பலிக்காத அந்த மூன்றாவது சொல்லுக்குத்தான் விலை அதிகம். 'நல்லாத்தான் இருக்குது' என்று நான் சொல்லாதிருந்தால் மாமா புறப்பட்டிருப்பார். போய்ச் சேர்ந்திருப்பாரா, காப்பாற்றியிருப்பாரா, யார் கண்டது? முகத்தையாவது பார்த்திருக்கலாம்.

பின்னாளில் இந்தத் துறை நூல்களைத் தேடித் தேடிப் படித்தேன். சீட்டுச் சோதனையில் பெயர் பெற்ற லண்டன் கணித அறிஞர் ஸோல் எண்களைத் திருத்தியிருந்தார் என்று 1978இல் ஒரு பெண்மணி நிரூபித்தார். ரைனின் சொந்த நிலையத்தில் இயக்குநராக இருந்தவரே 1974இல் முடிவுகளைத் திருத்தி அகப்பட்டுக்கொண்டார். மூடி மறைக்காமல் ரைனே அதை வெளியிட்டார் என்பதையும் சொல்ல வேண்டும். சோல், லெவி போன்றவர்கள் படித்தவர்கள், பெரியவர்கள். அவர்களுக்கும் ஒரு திண்ணை இருந்திருக்கும், சுற்றிலும் பத்துப் பேர் நின்றிருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன்.

எதிர்ப்பக்கத்துக்கும் புத்தகங்கள் உண்டு. 1944இல் திராவிடர் கழகம் பெயர் பெற்ற நகரம் சேலம்; அதன் பிறகு எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் படிப்பகம் ஏற்பட்டது. எழுபதுகளில் அங்கே டாக்டர் கோவூரின் பெயர் அடிபட்டது. அவர் திருவல்லாவில் பிறந்து இலங்கையில் தாவரவியல் போதித்தவர். அற்புதம் செய்து காட்டினால் ஒரு லட்சம் ரூபாய் என்று சவால் விட்டவர். கல் விழும் வீடு, தானாகத் தீப்பற்றும் துணி என்று அவர் துப்புத் துலக்கிய கதைகளைத் துப்பறியும் நாவல் போலப் படித்தோம். இதில் எனக்குப் பிடித்த செய்தி ஒன்று உண்டு. பேய் பிடித்ததாகச் சொல்லப்பட்டவர்களுக்கு அவர் செய்த சிகிச்சைகளில் ஹிப்னாட்டிஸமும் ஒன்று. அடிகள் ஆன்மாவின் ஆற்றலுக்குச் சான்றாகக் கண்ட அறிதுயிலைக் கோவூர் பேயை ஓட்டப் பயன்படுத்தினார். கத்தி ஒன்றுதான், காய் நறுக்குகிறவர்கள் வேறு.

அதன் பிறகு வந்தவர் சேலத்தில் பிறந்த இந்திரா சௌந்தர்ராஜன். 1990களில் அவருடைய 'மர்மதேசம்' தொலைக்காட்சியில் வந்தபோது எங்கள் ஊரில் அந்த நேரத்துக்குத் தெரு வெறிச்சோடிவிடும். 'விடாது கருப்பு' பார்த்துவிட்டு, கருப்பசாமியின் வேலையா மனநோயா என்று கொடிக்காலில் வெற்றிலை கிள்ளும் பெண்கள் வாதாடியதை நான் கேட்டிருக்கிறேன். சாமி, மனோதத்துவம் இரண்டையும் ஒரே கதையில் வைத்து, முடிவை நம்மிடம் விட்டுவிடுகிற வித்தை அவருக்குக் கைவந்தது. 2024இல் அவர் காலமானபோது மனமார வருந்தினேன். கதையைக் கதை என்று சொல்லி விற்றவர் அவர். அது நேர்மையான வியாபாரம்.

நான் ஏன் எழுதவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். அத்தை எண்பது வயது வரை இருந்தாள். ஒருநாள் துணிந்து, வெயிலையும் மையையும் பற்றி அவளிடம் சொல்லிவிட்டேன். அவள் வெகுநேரம் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். பிறகு, "அந்த ஏழு மாசம் எனக்குச் சோறு எறங்குச்சு கண்ணு" என்றாள். அவ்வளவுதான். மன்னித்தாளா, குற்றம் சாட்டினாளா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

ஒரு புத்தகம் மனிதருக்குச் சோறு இறங்கச் செய்யலாம். அதே புத்தகம் புறப்பட வேண்டியவரைப் புறப்படவிடாமலும் செய்யலாம். எது எப்போது நடக்கும் என்று எழுதுகிறவனுக்குத் தெரிவதில்லை. சேலத்துத் தம்பி தாராளமாக ஆவிக் கதை எழுதட்டும், நானும் வாங்கிப் படிக்கிறேன். என்னிடம் மட்டும் கேட்க வேண்டாம்.